முந்தானைக் கயிறு

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. என் கூடப்பிறந்த அண்ணன். பேச்சு வந்த நாளிலிருந்து ‘அண்ணே’ என்று கூப்பிட்ட வாய்க்கு அவர் பெயர் வரவில்லை. கைக்கும் வரவில்லை.

பஸ்ஸில் போனால், இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிடுவார். மிச்சத் தூரத்தை வெயிலில் வேகு வேகென்று நடந்து வருவார். கேட்டால், “அடுத்த ஸ்டாப்புல நிப்பாட்டாம போயிட்டாம்னா?” என்பார். என் வீட்டுக் குசினிக்குள் வந்தால் பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்துவிடுவார். கொடியில் காய்கிற துணி ஈரத்தோடு உள்ளே வந்து கிடக்கும். விளாத்திகுளம் பக்கம் எங்கேயோ ஒரு மேகத்தைப் பார்த்திருப்பார். தட்டில் கடைசி இரண்டு வாய்ச் சோறு எப்போதும் மிச்சம் இருக்கும். கல்யாண வீட்டில் தாலி கட்டி முடித்ததும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். எதிலும் கொஞ்சம் முந்தியே ‘போதும்’ என்று சொல்லுகிற மனுஷன்.

என் மருமகள் ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். அண்ணனைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். “பெரியப்பா பத்து மாசம் முழுசா உள்ள இருந்திருக்கவே மாட்டாங்க, அத்தை. எட்டாம் மாசமே ‘போதும்’னு வெளிய வந்திருப்பாங்க” என்பாள். அண்ணன் இருக்கும்போதே சொல்லுவாள். அவரும் சிரிப்பார். சிரிப்பையும் பாதியில் நிறுத்திவிடுவார்.

நான் கல்யாணமாகிப் போன வீட்டில் என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். எங்கள் கடலில் முத்து குளித்த காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்குள் இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு. மேலே வள்ளத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுக்கமாட்டார்கள். மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்த தங்கச்சியின் தாலியை எவனும் கைநழுவ விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. அப்படி என் வீட்டுக்காரருக்கு என் அண்ணன் கயிறு பிடித்தார்.

கயிற்றில் பேசிக்கொள்வதற்குப் பெரிய பாஷை ஒன்றும் கிடையாது. மேலிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் ‘நல்லாருக்கியா?’ என்று கேட்பது. கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் ‘இருக்கேன்’ என்று பதில். மேலிருந்து இரண்டு இழுப்பு என்றால் ‘போதும், ஏறி வா.’ இவ்வளவுதான்.

அண்ணன் அந்த ஒற்றை இழுப்பை இழுக்கவே மாட்டார். நேரே இரண்டுதான்.

“கயிறு பிடிக்கச் சொன்னா இந்த ஆளு கெணத்துல தண்ணி எறைக்காருல்லா!” என்று மற்ற வள்ளத்துக்காரர்கள் கேலி பேசுவார்கள். என் வீட்டுக்காரர் மேலே வந்து முகக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கத்துவார்.

“மச்சான், இப்பத்தான் சங்கு மேல கைய வச்சேன். வச்ச கையோட இழுத்துட்டீரே!”

“மூச்சு போயிருக்கும்லாய்யா.”

“மூச்சு எனக்கா, உமக்கா?”

“எனக்குத்தான்யா போச்சு.”

அப்புறம், வாயில் டியூபைக் கடித்துக் காற்று வாங்கிக்கொண்டே இறங்குகிற காலம் வந்தது. அப்போதும் அண்ணன் அதே இரண்டு இழுப்புத்தான். பொறுக்கமாட்டாமல் என் வீட்டுக்காரர் ஒரு தடவை அவரை நிறுத்திவிட்டு வேறு ஆளைக் கூட்டிப் போனார். ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் அண்ணன் திரேஸ்புரம் கரையில் வெறும் கயிற்றை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தால் கடைசி இரண்டு வாயை மிச்சம் வைக்கிறது போய், முதல் இரண்டு வாயோடு எழுந்துவிடுவார். கடலில் ஒன்றும் நடக்கவில்லை. பை நிறையச் சங்குதான் வந்தது. ஏழாம் நாள் என் வீட்டுக்காரர் கரையிறங்கி நேரே அவர் முன்னால் வந்து நின்றார்.

“சங்கு நெறயக் கெடைக்கி, மச்சான். ஆனா கீழ இருக்கும்போது மேல யாரும் இருக்க மாதிரியே இல்ல. நாளைக்கு வாரும்.”

அண்ணன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அப்படிப் பிடித்துப் பிடித்து அண்ணனின் வலது கையில் மூன்று விரல் மடங்காமல் போனது. என் வீட்டுக்காரரைக் கடல் ஒன்றும் செய்யவில்லை. கடலை விட்டுப் பல வருடம் கழித்துச் சர்க்கரை வியாதி கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். பதினோரு நாளும் அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மடங்காத விரல்களை மடக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி நாள் என்னிடம், “ஏளா, கயித்த எங்கன கட்டுறதுன்னு தெரியலயே” என்றார்.

அதன் பிறகு தினமும் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வருவார். வருவார், உட்காருவார், போவார். அப்படியிருக்கும்போதுதான் அந்த விளையாட்டுப் பெட்டி வந்தது.

என் மகன் கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை பார்க்கிறான். ஒரு லீவுக்கு வந்தபோது டிவியோடு சேர்த்து மாட்டுகிற பெட்டி ஒன்று கொண்டுவந்தான். அதில் பாக்சிங். நான் முதலில் நிஜமான ஆட்கள் என்றே நினைத்தேன். அவ்வளவு தத்ரூபம். குத்து விழுந்த இடம் வீங்குகிறது. புருவம் கிழிந்து ரத்தம் வழிகிறது. சும்மா சும்மாக் குத்திக்கொண்டே இருந்தால் ஆளுக்கு மூச்சு வாங்குகிறது, கை தொங்கிவிடுகிறது. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து ஒருவன் முகத்தைத் துடைத்துவிடுகிறான்.

மகன் விளையாடிக்கொண்டிருந்தான். அண்ணன் வந்து பின்னால் நின்று பார்த்தார். அவன் ஆள் மளமளவென்று குத்திக்கொண்டு முன்னேறினான். எனக்கு அவன் ஜெயிப்பது போலத்தான் தெரிந்தது.

“ஏலே, ஒன் ஆளுக்கு மூச்சு போயிட்டு. இழு அவன” என்றார் அண்ணன்.

“மாமா, இது கேமு. இழுக்கல்லாம் முடியாது.”

“தோளப் பாருலே, தோள. ஏறி ஏறி எறங்குது பாத்தியா? இப்ப விழப் போறான்.”

சொல்லி வாய் மூடவில்லை, மகனின் ஆள் பொத்தென்று விழுந்தான். மகன் திரும்பி மாமாவைப் பார்த்தான். அண்ணனுக்குப் பெருமையில்லை, கோபம்தான்.

“இழுக்க முடியாத ஆட்டத்த எதுக்குலே ஆடுதே?”

அப்போது மகன் ஒரு வழி காட்டினான். நடுவில் நிறுத்திவிட்டு, தோற்றதாக ஒத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அதற்கு ஒரு பொத்தான். “ஆனா அத ஒருத்தனும் அமுக்க மாட்டான் மாமா” என்றான். அண்ணன் முகத்தில் விளக்கு ஏற்றியது போல இருந்தது. அந்த விளையாட்டில் அவர் கற்றுக்கொண்ட பொத்தான் அது ஒன்றுதான்.

லீவு முடிந்து மகன் கப்பலுக்குப் போய்விட்டான். மறுநாள் மத்தியானம் அண்ணன் வந்து, “அத எடுளா” என்றார்.

“எத?”

“அந்தச் சண்டைய. நீ எறங்கு. நான் பிடிச்சுக்கிடுதேன்.”

அவர் விரல்களால் அந்தச் சின்னப் பொத்தான்களை அமுக்க முடியாது. அமுக்க முடிந்தாலும் செய்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் இறங்குகிற ஆள் இல்லை.

நான் கோயிலில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைக்கிறவள். பக்கத்து வீட்டுக்காரர் கடந்து போனால் வாசலிலிருந்து உள்ளே வந்துவிடுவேன். என்னைப் போய் அடிதடிக்கு இறங்கச் சொன்னால்? கதவைச் சாத்தினால்தான் ஆடுவேன் என்றேன். சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். நான் தரையில் உட்கார்ந்தேன். அவர் என் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் முந்தானையை எடுத்துக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

“ரெண்டு இழுத்தா வெளிய வந்துரணும். என்ன?”

சரி என்று தலையாட்டினேன்.

சண்டைக்கு முன்னால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிற ஒரு ஒல்லிப் பையனைத் தேர்ந்தெடுத்தேன். நம்ம பையன் என்று சொல்லுவோம். எதிராளிகளில் ஒருவன் ஹார்பர் ரோட்டில் நிலக்கரி ஏற்றி வருகிற வண்டி மாதிரி ஒதுங்காமல் நேரே வருவான். அவனுக்கு லாரி என்று பெயர் வைத்தார் அண்ணன். முதல் நாள் என் குத்து லாரியின் மூக்கில் பட்டுவிட்டது. “ஐயோ, மன்னிச்சுக்கோ ராசா” என்று சொல்லிவிட்டேன்.

“பாவசங்கீர்த்தனம் பெறவு பண்ணிக்கிடலாம். கையத் தூக்குளா, வாரான் வாரான்!”

நாளாக ஆக எனக்குக் கை பழகிவிட்டது. குத்துவதை விட விலகுவது நன்றாக வந்தது. வாழ்நாள் எல்லாம் ஒதுங்கிப் பழகினவள் இல்லையா. லாரி வீசுவான், நம்ம பையன் தலையைக் குனிவான், காற்றில் போகும். லாரிக்கு மூச்சு வாங்கும். அப்போது ஒன்று கொடுப்பேன். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்று கொடுக்கும்போது உள்ளங்கால் வரைக்கும் ஒரு சந்தோஷம் போகும்.

ஆனால் ஒரு சண்டையும் முடிந்ததில்லை. மொத்தம் ஆறு ரவுண்டு. மூன்றிலோ நாலிலோ முந்தானையில் இரண்டு இழுப்பு வந்துவிடும். மிஞ்சிப்போனால் ஐந்தாவது ரவுண்டு முடிகிற மணி வரைக்கும் பொறுப்பார். அதற்கு மேல் கிடையாது. நான் அந்தப் பொத்தானை அமுக்குவேன். லாரியின் கையைத் தூக்கிப் பிடிப்பார்கள். அண்ணன் முந்தானையை விட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொள்வார்.

மகன் போனில் முகம் பார்த்துப் பேசும்போது டிவியைக் காட்டச் சொன்னான். பார்த்துவிட்டுச் சிரி சிரியென்று சிரித்தான். “அம்மா, இருபத்திமூணு சண்டை. இருபத்திமூணுலயும் நீங்களா வெளிய வந்திருக்கீங்க. அடிபட்டு ஒண்ணு கூடத் தோக்கல!”

“பாத்தியாலே?” என்றார் அண்ணன். “ஒருத்தன் சாகல.”

மருமகள் சாயங்காலம் வந்ததும் கேட்பாள். “அத்தை, இன்னைக்கு யார அடிச்சீங்க?”

“அடிக்க விட்டாத்தானே” என்றேன் ஒருநாள். வாய் தவறி வந்துவிட்டது. அவள் என்னை உற்றுப் பார்த்தாள். அப்படி ஒரு சொல் என்னிடமிருந்து அவள் கேட்டதில்லை.

அந்த ஆறாவது ரவுண்டு எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை. ஏன் என்று சொல்ல வேண்டும் என்றால் பள்ளிக்கூடத்தைச் சொல்ல வேண்டும். அதுவரை அண்ணனிடம் சொல்லாதது ஒன்று அதில் இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு. வாய்ப்பாடு சொல்லத் தெரியாதவர்கள் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும். என்னைப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார்கள். பதினாறஞ்சு எண்பது வரைக்கும் வந்துவிட்டேன். பதினாறாறு என்று சொல்லி நின்றுவிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள். கூச்சத்தில் தெரிந்ததும் போய்விட்டது. பெஞ்சு மேல் ஏறி நின்றேன். சிரித்தார்கள். கண்ணீர் வடிந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் எனக்கு மத்தியானச் சோறு கொண்டுவந்தார். அப்பா இல்லாத வீடு, என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நேரே வகுப்புக்குள் வந்து என்னைப் பெஞ்சிலிருந்து இறக்கி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அம்மாவிடம், “பிள்ள அழுதும்மா. படிச்சது போதும்” என்றார். அம்மாவுக்கும் வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் என் படிப்பு. மிச்சம் படித்தது எல்லாம் ஜெபப் புத்தகத்திலும் சாமான் கட்டி வருகிற பேப்பரிலும்தான்.

ஆனால் அவர் கை என் மேல் பட்டபோது எனக்கு விடை வந்திருந்தது. நாக்கு நுனியில் இருந்தது. இன்னும் ஒரு மூச்சு நேரம் விட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவர் வாழ்நாள் முழுக்க நம்பினார். யார் வந்தாலும் சொல்லுவார். “சின்னதுல இவள பெஞ்சு மேல ஏத்தி அழ வச்சாங்க. நாம்போயித் தூக்கிட்டு வந்துட்டேன்” என்பார். சொல்லும்போது அவர் முகம் அவ்வளவு அழகாக இருக்கும். அதில் போய் எப்படிக் கையை வைப்பேன்?

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். லாரியோடு சண்டை. நாலாவது ரவுண்டில் நம்ம பையனுக்குப் புருவம் கிழிந்தது. அண்ணன் முந்தானையை இன்னொரு சுற்றுச் சுற்றினார், எனக்குத் தெரிந்தது. ஐந்தாவதில் ஒரு கண் மூடிவிட்டது. மணி அடித்தது. ஸ்டூலில் உட்கார்ந்தான். மூலையில் நிற்கிறவன் முகத்தைத் துடைத்தான்.

இரண்டு இழுப்பு வந்தது.

நான் பொத்தானை அமுக்கவில்லை.

மறுபடியும் இரண்டு. தோளிலிருந்து சேலை நழுவியது.

“விடுண்ணே” என்றேன்.

பெரியவளான பிறகு அவரை நீங்க என்றுதான் சொல்லுவேன். அன்றைக்குச் சின்னதில் போல வந்துவிட்டது.

“ஏளா, கண்ணு போயிட்டு அவனுக்கு.”

“மூச்சு இருக்கு. கீழ இருக்கது நானு. எனக்குத் தெரியும்.”

அடுத்த இழுப்பு வரவில்லை. விட்டுவிட்டாரோ என்று பார்த்தேன். விடவில்லை. பிடித்திருந்தார், இழுக்கவில்லை. முந்தானை தோளில் விறைப்பாகவே இருந்தது.

ஆறாவது ரவுண்டு. லாரி வந்தான். குனிந்தேன், விலகினேன், ஒன்று கொடுத்தேன். ஒன்று வாங்கினேன், நம்ம பையன் விழுந்தான். ரெஃப்ரி விரலை நீட்டி எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. அண்ணன் மாதாவைக் கூப்பிடுவது கேட்டது. கயிறு இறுகியது. ஆனால் இழுக்கவில்லை. எட்டில் எழுந்தான். எழுந்தவன் மணி அடிக்கிற வரைக்கும் நின்றான்.

லாரிதான் ஜெயித்ததாகச் சொன்னார்கள். பாயிண்டு கணக்காம். அவன் கையைத் தூக்கினார்கள். பக்கத்தில் நம்ம பையன் ஒற்றைக் கண்ணோடு நின்றுகொண்டிருந்தான்.

“நின்னுட்டாம்ளா” என்றார் அண்ணன். “கடைசி வரைக்கும் நின்னுட்டான்.”

நான் திரும்பவில்லை. திரும்பினால் சொல்லமுடியாது. டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அண்ணே, தொண்ணூத்தாறு.”

“என்னது தொண்ணூத்தாறு?”

“பதினாறாறு.”

நாற்காலி கிறீச்சிட்டது.

“அன்னைக்கு வாயில வந்துட்டு அண்ணே. சொல்லப் போனேன். அதுக்குள்ள இழுத்துட்டீங்க.”

சொல்லிவிட்டேன். ஐம்பத்தெட்டு வருடம் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். எதிலிருந்தும் முந்தி எழுகிறவர்தானே. அவர் எழவில்லை. கையில் சுற்றியிருந்த முந்தானையை மெதுவாக அவிழ்த்தார். கசங்கியிருந்ததை முழங்கால் மேல் வைத்து மடங்காத விரல்களால் நீவி நீவிவிட்டார்.

“ஒத்த இழுப்பு இழுத்துக் கேட்டிருக்கணும்ளா” என்றார். “நல்லாருக்கியான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். ஒங்கிட்டயும் கேக்கல, ஒன் வீட்டுக்காரர்ட்டயும் கேக்கல. எனக்குத்தான் மூச்சு முட்டுச்சு. ஒங்களுக்கு முட்டுதுன்னு நெனச்சு இழுத்துட்டேன்.”

அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன். தட்டைக் கழுவப் போனபோது பார்த்தேன். ஒரு பருக்கை இல்லை.

அதற்குப் பிறகும் தினமும் ஆடினோம். ரவுண்டு முடிந்து நம்ம பையன் ஸ்டூலில் உட்காருகிறபோது முந்தானையில் ஒரு இழுப்பு வரும். ஒன்றே ஒன்று. நான் தோளைக் குலுக்கி ஒரு இழுப்பு பதில் கொடுப்பேன். சரி என்று ஒரு கனைப்புக் கனைப்பார். மணி அடிக்கும். லாரியை மூன்று தடவை ஜெயித்தோம். மருமகள் தெரு முழுக்கச் சொல்லி என்னை வெளியே தலைகாட்டவிடாமல் செய்துவிட்டாள்.

போன ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் ஒரு மத்தியானம் அண்ணன் போய்விட்டார். படுக்கையில் கிடக்கவில்லை, ஆஸ்பத்திரி பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வருகிற வழியில் வழக்கம்போல ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, நிழலில் கொஞ்சம் உட்கார்ந்தவர்தான்.

பெட்டியை மகன் எடுத்து வைத்துவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு இப்போதும் ஆடுகிறேன். ஆடுவதற்கு முன்னால் முந்தானையின் நுனியை அண்ணனுடைய நாற்காலிக் காலில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்கிறேன். ஐந்தாவது ரவுண்டு முடிந்ததும் தோளைக் குலுக்கி ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன்.

பிடித்திருக்கும்.

பிறகு மணி அடிக்கும்.